ஸ்பேஸ் பாருக்கு மட்டும் நீலம்

ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சலிடமிருந்து ஆஃப்ரீன் உயிரை ஜெயித்தாள். காதை மட்டும் அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பாடம் நடத்துகிற வாத்தியார்களிடம் படித்துப் பத்தாம் வகுப்பை ஜெயித்தாள். மணி அடித்ததும் தொடங்க வேண்டிய தட்டச்சுத் தேர்வில், மணியே கேட்காமல், பக்கத்து மேசைப் பெண்ணின் விரல்களை ஓரக்கண்ணால் பார்த்துத் தொடங்கி, தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டையும் ஜெயித்தாள். நிலக்கரி மைன்ஸ் ஆட்களுக்கு ரப்பர் கம்பூட்டும் டார்ச்சும் விற்கிற, அவளைப் பெற்ற அத்தா ஹபீப் முகமது, "காது கேக்காத பொண்ணு கடையில உக்காந்தாப் போதும், வெளி வேலை எதுக்கு?" என்று பிடித்த பிடிவாதத்தைச் சாப்பிடாமல் கிடந்து ஜெயித்தாள். கடைசியாக மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், டிபன் கடை மாடியில், வக்கீல் கருணாகரன் ஆபீசின் டைப்பிஸ்ட் நாற்காலியை ஜெயித்தாள்.

அதை ஜெயித்தாள் என்று சொல்வது கொஞ்சம் அவசரம். நாற்காலியில் உட்காரத்தான் விட்டிருந்தார்கள். "ரெண்டு மாசம் பாக்கலாம்மா. அப்புறம் சொல்றேன்" என்றிருந்தார் கருணாகரன். இந்த இரண்டு மாதம் சரியாகப் போகாவிட்டால் மறுபடி அத்தா கடையில் கம்பூட்டுக்கு நடுவே உட்கார வேண்டியதுதான். அதற்கப்புறம் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் அவர் வெளியே விடமாட்டார்.

பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. ஒன்பது வயதுவரை பேசிய பேச்சு நாக்கிலேயே தங்கிவிட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் படித்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே பதில் சொல்வாள். தெரியாதவர்கள் அவளுக்குக் காது கேட்காது என்பதைக் கண்டுபிடிக்க நேரமாகும். ஆனால் உதட்டிலிருந்து பாதிதான் கிடைக்கும். மீதியை ஊகத்தால் நிரப்ப வேண்டும். நல்லதைப் போட்டு நிரப்பிப் பலமுறை ஏமாந்திருந்ததால், இப்போதெல்லாம் கெட்டதைப் போட்டே நிரப்பினாள்.

ஆபீசில் இருந்த பழைய கீபோர்டு ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது. அழுத்தினால் எழுத்து விழுந்ததா என்று விரலுக்குத் தெரியாது. மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆஃப்ரீன் பழைய பத்திரங்களைப் பார்த்து அடிப்பவள். கண் காகிதத்தை விட்டு நகரக் கூடாது. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் விழாமல் போனால் நிலம் பக்கத்துக்காரனுடையதாகிவிடும். தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் பழகிய மெஷின் ஒவ்வொரு எழுத்துக்கும் விரலைத் திருப்பித் தட்டும். அதுபோல ஒன்று கம்ப்யூட்டருக்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வடலூர் போய், அவள் 'லாத்தா' என்று கூப்பிடுகிற அக்கா முனவராவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். முனவரா வாழ்க்கைப்பட்டது வடலூரில்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான் வேலுமணி. சின்னப் பலகை ஒன்றில் நாலைந்து ஸ்விட்ச்சுகளைப் பொருத்தி, அழுத்திப் பார்ப்பதற்கென்றே வைத்திருந்தான். ஆஃப்ரீனின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"இது நீலம், கிளிக்கி. இது பழுப்பு, டாக்டைல். ரெண்டுமே பாதி அழுத்தத்துல விரலை ஒரு தட்டு தட்டும். நீலத்துல கூடவே 'டிக்'குனு சத்தமும் வரும். பழுப்புல அது கிடையாது."

"சத்தம் எனக்கு எதுக்கு?"

"அதான், பழுப்பே எடுத்துக்கங்க."

ஆஃப்ரீன் இரண்டையும் அழுத்திப் பார்த்தாள். பழுப்பு, வேகவைத்த கடலையைத் தோலோடு நசுக்குகிற மாதிரி இருந்தது. நீலம், காய்ந்த ஈர்க்குச்சி முறிகிற மாதிரி. முறிந்தது என்பதில் விரலுக்குச் சந்தேகமே வராது. மறுபடி மறுபடி நீலத்தையே அழுத்தினாள்.

முனவரா அவள் தோளைத் தட்டித் திருப்பினாள். "ஆஃபி, இது வேணாம்டி. வாசல் வரைக்கும் கேக்குது."

"கேக்கறது உனக்கு. அடிக்கப்போறது நான்."

"ஆபீஸ்ல நாலு பேரு வருவாங்கல்ல?"

"எதை எடுத்தாலும் சத்தம்னு சொல்லிடு லாத்தா. நான் போய்ப் பாத்துட்டு வர முடியாதுல்ல."

அதுதான் விஷயம். அவளுக்குப் பிடித்த கொலுசைக் கழற்றச் சொன்னபோது சத்தம் என்றார்கள். மாமி வீட்டு நிக்காஹில் அவள் கேலி பேசியபோது சத்தம் என்று வாயைப் பொத்தினார்கள். பள்ளியில் ஜன்னலோரப் பெஞ்சை விட்டு எழுப்பி, நாற்காலி இழுக்கிற சத்தம் என்று காரணம் சொன்னார்கள். அந்தச் சத்தம் நிஜமாகவே வந்ததா, இல்லை அவளை விலக்கிவைக்க ஒரு சாக்கா? கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத ஒன்றை வைத்து ஊரே அவளுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது லாத்தாவும் வேலுமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பழுப்பில் என்னவோ இருக்கிறது. தள்ளிவிட முடியாமல் கிடக்கிற சரக்காகவும் இருக்கலாம்.

"நீலம்" என்றாள்.

"சரிங்க. ஸ்விட்ச்சைத் தனித்தனியா கழட்டி மாட்டலாம். பிடிக்கலைன்னா வாங்க, மாத்திக்கலாம்" என்றான் வேலுமணி. திரும்பி வருவேன் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டான் பார், என்று ஆஃப்ரீன் நினைத்துக்கொண்டாள்.

புதுக் கீபோர்டு வந்த பிறகு அவள் அடித்த பக்கங்களில் திருத்தம் போட கருணாகரனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் தலையாட்டியதை அவள் பார்த்தாள். ஆனால் அதே வாரத்திலிருந்து வேறொன்றையும் பார்த்தாள்.

ஆபீஸ் என்பது ஒரே அறை. நடுவே பிளைவுட் தடுப்பு, அதன் மேல்பாதி கண்ணாடி. இந்தப் பக்கம் ஆஃப்ரீனும், கட்சிக்காரர்கள் உட்காருகிற நாற்காலிகளும், கருணாகரனின் மேசையும். அந்தப் பக்கம் ஜூனியர் பாலகுமாரும் சட்டப் புத்தகங்களும். சுரங்கத்துக்கு நிலம் போனவர்கள், போகப் போகிறவர்கள், பங்காளித் தகராறுக்காரர்கள் என்று கம்மாபுரம் பக்கத்து ஆட்கள் வருவார்கள். வக்கீலிடம் ஏதோ சொல்லத் தொடங்குவார்கள். திடீரென்று நிறுத்தி ஆஃப்ரீனைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு வாயைத் திறக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் காலை ஆட்டிவிட்டு, "பொறகு வரேங்க" என்று எழுந்து போவார்கள்.

பொன்னம்மாள் அப்படி மூன்றாம் முறை எழுந்து போனாள். ஐம்பதைத் தொடுகிற பெண், புருஷன் இல்லை. அவள் நிலத்தைக் கொழுந்தன் தன்னுடையது என்கிறான். கருணாகரனுக்கு அவளிடமிருந்து வாக்குமூலம் வேண்டும். அவளோ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆஃப்ரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அவள் போன பின் கருணாகரன் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பாலகுமாரிடம் பேசினார். கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. "அந்தப் பொண்ணு வந்ததுலேருந்து ஒருத்தரும் வாயைத் தொறக்க..." என்பதுவரை ஆஃப்ரீன் படித்தாள். பிறகு அவர் டீ கிளாசைத் தூக்கிவிட்டார். கிளாஸ் இறங்கியபோது, "...மாசக் கடைசியில..." என்று உதடு மூடியது.

முதுகைக் காட்டி நின்ற பாலகுமார் என்ன பதில் சொன்னார் என்பது தெரியவில்லை. இந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தால் மட்டும் தெரிந்துவிடுமா? மேலுதட்டையே மூடி வளர்ந்த மீசை. அவர் 'வா' என்கிறாரா 'போ' என்கிறாரா என்பதே எப்போதும் சந்தேகம். அப்படி மீசை வளர்க்கிறவர்களிடம் மறைக்க ஏதோ இருக்கும் என்பது ஆஃப்ரீனின் தீர்மானம். மீதிப் பாதியைத் தன் வழக்கப்படி நிரப்பினாள்: பாலகுமாருக்கு ஒரு மச்சினி இருக்கிறாள், டைப் தெரிந்தவள், இந்த நாற்காலிக்கு வரப்போகிறாள். அவர்தான் கட்சிக்காரர்களிடம் இவளைப் பற்றி ஏதோ ஓதி வைத்திருக்கிறார்.

அதையே முனவராவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதில் வந்தது: "மச்சினியும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் கீபோர்டுதான். போய்க் கேளு."

மறுநாள் பாலகுமாரிடமே கேட்டாள். "சார், கீபோர்டு சத்தமா இருக்கா?"

பாலகுமார் இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். மீசைக்கு அடியிலிருந்து அவள் கஷ்டப்பட்டுப் பிடித்தது இதுதான்: "சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீ பாட்டுக்கு அடி." கூடவே அகலமாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் இடம் கொடுக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பின்னால் உண்மை இருந்ததே இல்லை.

யாரையும் கேட்டுப் பிரயோஜனமில்லை, தானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர் வரப்புத் தகராறு சொல்ல வந்திருந்தார். அவர் பேசத் தொடங்கியதும் ஆஃப்ரீன் அடிக்கத் தொடங்கினாள். அவர் நிறுத்தினார். அவள் கையை எடுத்தாள். அவர் பேசினார். எதையும் பார்க்காமல் ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டே போனாள். பாதி வாயில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கையை எடுத்தாள், வாய் திறந்தது.

ஆக, லாத்தா சொன்னது நிஜம். சத்தம் இருக்கிறது. ஒத்துக்கொள்ளக் கசந்தது. ஆனால் வெறும் சத்தத்துக்கு யாராவது வாயை மூடுவார்களா? சத்தம் இருந்தால் ஜனங்கள் குரலை உயர்த்துவார்கள். அவர்கள் கழுத்து நரம்பு புடைக்கும், அதை அவள் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். இவர்கள் கத்தவில்லை, அடங்கிப்போகிறார்கள். அதில்தான் சூது இருக்கிறது.

பொன்னம்மாள் அடுத்த முறையும் "பொறகு வரேன்" என்று இறங்கியபோது, ஆஃப்ரீன் பின்னாலேயே ஓடி, படிக்கட்டுக்குக் கீழே டிபன் கடை வாசலில் மடக்கினாள்.

"அக்கா, நில்லுங்க. என்னைப் பாத்தா ஏன் பேச்சை நிறுத்துறீங்க?"

பொன்னம்மாள் பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். "நான் ஏன் நிறுத்தறேன்? வக்கீலு பேசறாரு, நான் கேட்டுக்கினு இருக்கேன்."

"நான் அடிச்சா நிறுத்துறீங்க. கையை எடுத்தா பேசுறீங்க. பாத்துட்டேன்."

"பாத்துட்ட இல்ல? அதான் சொல்றேன். எல்லாத்தையும் பாத்துக்கினு, எல்லாத்தையும் அடிச்சிக்கினு இருக்க நீ."

"எதை அடிக்கறேன்?"

"நான் சொல்றத! நான் வாயைத் தொறந்தா அந்தாண்ட சடசடன்னு ஆரம்பிக்குது. ஒரு வார்த்தை உடமாட்டேங்கற. நாளைக்கு அதைக் கொண்டாந்து நீட்டி, அன்னிக்கு நீதானே சொன்னேம்பீங்க."

ஆஃப்ரீனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, எனக்குக் காதே கேக்காது."

பொன்னம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "காது கேக்காதவதான் கேட்டதுக்கெல்லாம் சுடச்சுடப் பதில் சொல்றியா?"

"உங்க உதட்டைப் பாத்து சொல்றேன்."

பொன்னம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். துணிக்குள் ஏதோ அசைந்தது. டிபன் கடை செல்லக்கிளி தோசைக் கரண்டியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆஃப்ரீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று செல்லக்கிளியைக் கேட்டாள்.

"உன்னைக் களவாணிக் கழுதைன்னா." செல்லக்கிளி பொன்னம்மாளிடம் திரும்பினாள். "நிசமாவே கேக்கலடி அதுக்கு. கேட்டிருந்தா உன் கொண்டையைப் புடிச்சிருக்கும்."

பொன்னம்மாள் முந்தானையை இறக்கினாள். முழு நம்பிக்கை வந்துவிடவில்லை, பாதி வந்திருந்தது. தன் கதையை அந்த வாசலிலேயே சொன்னாள். போன வருஷம் ஒரு புரோக்கர் அவள் வீட்டுக்கு வந்து, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "நிலத்தை யாரும்மா உழுவுறது?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டான். "கொழுந்தன்தான் உழுவுறாரு" என்று சும்மா சொல்வதுபோல் சொன்னாள். அதை அவன் எழுதிக்கொண்டு போய்விட்டான். அந்த ஒற்றை வரியைத்தான் கொழுந்தன் இப்போது தூக்கிக் காட்டுகிறான். "சும்மா சொன்னதுதானே பாப்பா இப்பக் கழுத்த அறுக்குது" என்றாள். சுற்றுவட்டாரத்தில் அந்த விஷயம் தெரியாதவர்கள் இல்லை. வக்கீல் ஆபீசில் பேசப் பேச எழுதிக்கொள்கிறார்கள் என்று அவள் பஸ்ஸில் சொன்னது, மற்றவர்கள் வாயையும் கட்டிப்போட்டிருந்தது.

ஆஃப்ரீன் மறுநாளே வடலூருக்கு பஸ் ஏறினாள். வேலுமணி ஒன்றும் கேட்காமல் நீலத்தையெல்லாம் பிடுங்கிப் பழுப்பை மாட்டினான். கழற்றியதைக் கவரில் போட்டு, பிடுங்குகிற சின்னக் கொக்கியையும் சேர்த்துக் கொடுத்தான்.

"சொன்னேன்ல?" என்றாள் முனவரா.

"சொன்ன. நீ சொன்னது சத்தத்தை மட்டும்தான், அவங்க பயத்தை இல்ல."

பழுப்பில் விரல் கொஞ்ச நாள் தடுமாறியது. ஈர்க்குச்சி முறியவில்லை, கடலைதான் நசுங்கியது. திருத்தம் மறுபடி விழுந்தது. ஆனால் கட்சிக்காரர்கள் பேசினார்கள். மாதக் கடைசி நெருங்குவதற்குள் பொன்னம்மாளும் பேசிவிட்டால் போதும் என்று ஆஃப்ரீன் காத்திருந்தாள்.

பொன்னம்மாள் வந்தாள், உட்கார்ந்தாள், தொடங்கினாள். ஆஃப்ரீன் வேறொரு பத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். பொன்னம்மாளின் பேச்சு மெல்ல மெல்ல இளைத்து நின்றது. திரும்பி ஆஃப்ரீனின் விரல்களைப் பார்த்தாள். அவள் உதட்டை ஆஃப்ரீன் தெளிவாகப் படித்தாள்.

"என்னா பண்ணிக்கினு இருக்கா அவ?"

"டைப் அடிக்குது" என்றார் கருணாகரன்.

"சத்தத்தையே காணோமே?"

"நல்லதுதானேம்மா?"

"என்னா நல்லது? முன்னாலயாவது அடிக்கறப்பத் தெரிஞ்சுது. இப்பத் திருட்டுத்தனமா அடிக்கறா. காது கேக்காதுன்னா, சரின்னேன். உதட்டை எழுத்தாப் படிப்பேன்னும் அவதான் சொன்னா." பொன்னம்மாள் எழுந்துவிட்டாள்.

கருணாகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆஃப்ரீனுக்கு நேராகத் திரும்பினார். ஒரு வார்த்தைகூடத் தவறாமல் விளங்கியது. "இது சரிப்பட்டு வராது போலிருக்கும்மா. மாசம் முடியட்டும்."

ஒரு கணம் அவளுக்கு அத்தா கடையின் கம்பூட்டு வாசனையே மூக்கில் ஏறிவிட்டது. பாலகுமார் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் சார். அக்கா, உக்காருங்க."

பையிலிருந்து கவரையும் கொக்கியையும் எடுத்தாள். அடிவரிசையில் கிடக்கிற நீளக் கட்டையை, வார்த்தைக்கு வார்த்தை இடம் விடுகிற ஸ்பேஸ் பாரைப் பெயர்த்தாள். அதன் அடியில் இருந்த பழுப்பைப் பிடுங்கி ஒரு நீலத்தை அழுத்திப் பொருத்தினாள். கட்டையை மறுபடி மாட்டினாள்.

"இப்ப கேளுங்க." எழுத்துகளைத் தட்டினாள். பிறகு கட்டையைத் தட்டினாள். பொன்னம்மாளின் இமை துடித்தது. சத்தம் வந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாள். "ஒரு வார்த்தை முடிஞ்சா இதைத் தட்டியே ஆகணும். சத்தம் வந்தா நான் அடிக்கறேன். வரலைன்னா அடிக்கலை."

"இதைத் தட்டாம அடிச்சுக்கினே போனா?"

"எல்லா வார்த்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எந்த ஜட்ஜும் படிக்க முடியாது."

பொன்னம்மாள் கருணாகரனைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்றார். அவரையும் நம்பாமல் பாலகுமாரைக் கூப்பிட்டுக் கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, காதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, தன் பேரையும் புருஷன் பேரையும் ஊரையும் அடிக்கச் சொன்னாள். அடிக்க அடிக்கத் தலையாட்டினாள்.

"நான் பேசறப்பக் கையை மடியில வெச்சிக்கோ."

வைத்துக்கொண்டாள்.

"என் வாயையும் பாக்காத."

ஆஃப்ரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசையாகத்தான் இருந்தது, திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் பேசினார்களோ தெரியாது. பாலகுமார் வந்து தோளைத் தொட்டபோது கருணாகரனின் கையில் தாள் தாளாகக் குறிப்பு இருந்தது.

அதை அடித்தபோதுதான் விஷயம் அவளுக்கே தெரிந்தது. கொழுந்தன் உழுதது வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு தருகிற ஏற்பாட்டில். ஒவ்வொரு அறுப்புக்கும் மூட்டைகளில் பாதி பொன்னம்மாள் வீட்டில் இறங்கியிருக்கிறது. இறக்கியது அதே ஊர் டிராக்டர்க்காரர் மதிவாணன், சாட்சி சொல்லத் தயார். பொன்னம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு 'டிக்'குக்கும் கண் சிமிட்டிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஆஃப்ரீன் தாளைத் திருப்ப நிறுத்தியபோது, "ஏன் நின்னுது?" என்று அதட்டினாள்.

அச்சடித்ததைப் பாலகுமார் படித்துக் காட்ட, பொன்னம்மாள் கைநாட்டு வைத்தாள். வைத்த விரலைத் துடைத்துக்கொண்டே தாளின் அடியைத் தடவினாள்.

"அடிச்ச பொண்ணு கையெழுத்து எங்க?"

"டைப்பிஸ்ட் இதுல கையெழுத்துப் போடத் தேவையில்லம்மா" என்றார் கருணாகரன்.

"பத்திரத்துல அடியில போடறாங்களே? நாளைக்கு இதுல ஒரு வார்த்தை மாறிப்போச்சுன்னா நான் யாரைப் புடிக்கறது? போட்டாத்தான் ஆச்சு. அப்புறம் இவ வேற எங்கியும் போவக் கூடாது. நான் வந்து கேக்கறப்ப இங்கதான் இருக்கணும்."

கருணாகரன் சிரித்துவிட்டார். "ஆபீஸ் காப்பியில போடச் சொல்றேன். இனி இந்தப் பொண்ணை நான் அனுப்பணும்னாலும் உங்களைத்தான் கேக்கணும் போல."

ஆஃப்ரீன் படித்தாள், நம்பவில்லை. உதட்டில் பாதிதானே கிடைக்கும். "என்ன சார் சொன்னீங்க?"

"நீ இங்கதான் வேலை பாக்கறேன்னு சொன்னேன்."

அதற்கும் பாலகுமார் பக்கம் திரும்பினாள். அவர் மீசையை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழு உதடும் தெரிய, அதையே சொன்னார்.

அதன் பிறகுதான் பேனாவைக் கையில் வாங்கினாள். கடைசிப் பக்கத்தின் அடியில் 'தட்டச்சு செய்தவர்' என்று எழுதினாள். பொன்னம்மாள் குனிந்து பேனா முனையையே பார்த்துக்கொண்டிருக்க, ஹ. ஆஃப்ரீன் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டாள்: 21.08.2024, புதன்கிழமை.